நாம்காரர்

சம்பளம் கொடுப்பவர், சம்பளம் வாங்குபவர் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்கவும், கணக்கில் ஒருவரை விட்டுவிட்டீர்கள். அவர் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு முதல் ஆளாக வந்து கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பி உட்கார்ந்துவிடுவார். புதிதாக ஆரம்பித்த கம்பெனிகளில், அதாவது ஆரம்பித்த நாளிலிருந்தே தள்ளாடிக்கொண்டிருக்கும் கம்பெனிகளில், இவரைத் தவறாமல் பார்க்கலாம். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் நாம்காரர்.

ஏன் இந்தப் பெயர்? எதைக் கேட்டாலும் ‘நாம’ என்றுதான் ஆரம்பிப்பார்.

“சம்பளம் வந்துச்சா?”

“நாம இப்ப கொஞ்சம் டைட்டா இருக்கோம்.”

டைட்டாக இருப்பது யார்? இவருடைய பெல்ட்கூட இப்போது டைட்டாக இல்லை. நான்கு மாதத்தில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது.

இங்கே கொஞ்சம் இலக்கணம். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடிந்துவிடும். பல பாஷைக்காரர்கள் பாவம், தங்களைக் கூட்டமாகச் சொல்ல ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். நமக்கு இரண்டு. எதிரே நிற்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரைக் கழற்றிவிட்டால் ‘நாங்கள்’. பள்ளிக்கூடத்தில் இதை ‘உளப்பாட்டுத் தன்மைப் பன்மை’ என்று கரும்பலகையில் எழுதியபோது பாதி வகுப்பு கண் அயர்ந்துவிட்டது. விழித்திருந்தவர்களில் ஒருவன் பின்னாளில் ஒரு கம்பெனி ஆரம்பித்தான். தூங்கியவர்களில் ஒருவர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவ்வளவுதான் கதை.

எனக்குத் தெரிந்த ஒரு நாம்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கம்பெனியின் தொழில் என்ன? உங்கள் வீட்டில் வருஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் பயன்படும் சாமான்கள் இருக்கின்றன அல்லவா, ஏணி, சுவரில் துளை போடும் மெஷின், ஊருக்குப் போகும் பெரிய பெட்டி, இவற்றை அக்கம்பக்கத்தாருக்கு வாடகைக்கு விடுவதற்கு ஒரு ஆப். ஓசியில் கேட்டாலே கொடுத்துவிடுகிற ஏணியை எவன் காசு கொடுத்து வாங்கிப் போவான் என்று நீங்கள் கேட்கலாம். நாம்காரர் கேட்க மாட்டார். கேட்டிருந்தால் அவர் நாம்காரரே இல்லை.

முதலாளிக்கு அங்கே முதலாளி என்று பெயர் கிடையாது. சீஃப். தோளில் கை போட்டுத்தான் பேசுவார். “நாம ஒரு குடும்பம்” என்பார். முதல் மாதம் சம்பளம் வராதபோது பேங்கில் சர்வர் கோளாறு என்றார். இரண்டாம் மாதம் பணம் போடுகிறவர் விமானத்தில் இருக்கிறார் என்றார். மூன்றாம் மாதம் எல்லாம் முடிந்துவிட்டது, கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார். அந்த மனிதர் எந்த விமானத்தில் ஏறினாரோ, பேனாவைத் திறக்க முடியாத உயரத்தில் இன்னும் பறந்துகொண்டிருக்கிறார் போலும். நான்காம் மாதம் சீஃப் எதுவும் சொல்லவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, அழுதுவிட்டார்.

நாம்காரர்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முதுகைத் தடவிக்கொடுத்தார். “விடுங்க சீஃப், நாம பாத்துக்கலாம்” என்றார். வீட்டுக்குப் போயும் அந்த நெகிழ்ச்சி இறங்கவில்லை.

“சீஃப் இன்னிக்கு அழுதுட்டாரும்மா.”

“சம்பளம்?”

“அழற மனுஷன்கிட்ட போய்ச் சம்பளத்தைக் கேக்க முடியுமா?”

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு ஊசி குத்துகிறவர். “ஊசி குத்தறப்ப அழறவங்ககிட்டயும் நாங்க பில்லுக்குக் காசு வாங்கத்தான் செய்யறோம்” என்றார்.

சம்பளம் இல்லையே தவிர, மற்ற விஷயங்களில் நாம்காரருக்கு ஒரு குறையும் கிடையாது. சம்பளம் இறங்க இறங்கப் பதவி ஏறிக்கொண்டே போகும். சாதாரண ஊழியராகச் சேர்ந்தவர் இரண்டாம் மாதத்தில் மேலாளர், மூன்றாம் மாதத்தில் தலைமை மேலாளர், நான்காம் மாதத்தில் துணைத் தலைவர். இன்னும் இரண்டு மாதம் சம்பளம் நின்றிருந்தால் சீஃபையே தாண்டியிருப்பார். உட்கார மூன்று நாற்காலி. இருபத்திரண்டு பேர் இருந்த இடத்தில் ஏழு பேர்தானே மிச்சம், ஒன்றில் உட்காருவார், ஒன்றில் பையை வைப்பார், ஒன்றில் காலை நீட்டுவார். காபி மெஷினை வாடகைக்கு விட்டவன் வந்து தூக்கிக்கொண்டு போனபோது, கதவைப் பிடித்துக்கொண்டு “பாத்து, இடிச்சிடப் போகுது” என்று வழி சொன்னவரும் இவர்தான்.

இவரிடம் ஒரு தனி அகராதி உண்டு. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்து போனால் அது உடற்பயிற்சி. மத்தியானம் சாப்பிடாமல் இருந்தால் அது டாக்டர்களே சிபாரிசு செய்யும் முறை. முடி வெட்டப் போகாமல் இருந்தால் இப்போதெல்லாம் இதுதான் ஃபேஷன். “இப்ப ரொம்ப லேசா ஃபீல் பண்றேன்” என்பார். லேசாகத்தான் இருக்கும், பையில் ஒன்றும் இல்லையே.

சரி, விட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? இதைக் கேட்டுவிடாதீர்கள். பஸ் ஸ்டாப்பில் முக்கால் மணி நேரம் நின்றவனிடம் நடந்து போயேன் என்று சொல்லிப் பாருங்கள். நான் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் பஸ் வந்துவிட்டால் என்ன செய்வது என்பான். நாம்காரரின் பஸ்ஸுக்கு ஐந்து மாதம்.

வெளியே எல்லா இடத்திலும் ‘நாம’ போடுகிற இந்த மனிதர் வீட்டில் மட்டும் இலக்கணத்தை மாற்றிவிடுவார்.

“அடுத்த வருஷம் நாங்க எங்கயோ போயிடுவோம்மா.”

“நாங்கன்னா?”

“கம்பெனிதான்.”

“அப்ப நானும் பொண்ணும் இங்கயே இருக்கோமா? வாடகைன்னா நாம, வளர்ச்சின்னா நாங்களா?”

அந்த அம்மாள் வாயால் மட்டும் பேசுகிறவர் இல்லை. வீட்டு ஏணியைத் தூக்கி, கணவரின் கம்பெனி ஆப்பிலேயே வாடகைக்குப் போட்டார். எதிர்வீட்டுக்காரர் மூன்று முறை எடுத்துப் போனார். மூன்று முறையும் காசு ஆப்புக்குள் போனது. வெளியே வரவில்லை. விசாரித்தால், நாம கொஞ்சம் டைட்டாக இருக்கிறோமாம்.

“ஏணிக்குமா சம்பளம் இல்ல?” என்றார் மனைவி.

இந்தக் கட்டத்தில்தான் மனைவியின் அண்ணன் உள்ளே வந்தார். ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு பார்க்கிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

“மாப்ளே, நாம நாமன்னு சொல்லியே உங்களுக்கு நாமம் போட்டுட்டாங்க. நான் ஒரு இடம் சொல்றேன். மூடி பண்ற கம்பெனி. தண்ணி பாட்டில் மூடி, மருந்து பாட்டில் மூடி. மாசக் கடைசி நாள் சாயங்காலம் சம்பளம் விழுந்துடும்.”

“மூடியா? நாங்க உலகத்தையே மாத்திட்டிருக்கோம் மச்சான்.”

“மூடி பண்றவன் மூட மாட்டான் மாப்ளே. உலகத்தை மாத்தறவன்தான் மூடுவான்.”

மச்சானின் முகத்துக்காகப் போனார். போன இடத்தில் இவரைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் என்ன, வேலை தெரிந்தவர்தானே, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வருகிறேன் அல்லது வரவில்லை என்று போனில் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்றார்கள்.

வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே மனைவி சொன்னார்: “என்னங்க, நான் கோவத்துல சொல்லலை. எனக்குப் பயமா இருக்கு. என் சம்பளத்தை வெச்சு அஞ்சு மாசம் ஓட்டிட்டேன். ஆறாவது மாசம் எப்படி ஓட்டறதுன்னு எனக்குத் தெரியலை.”

இதற்குக் கேலி எதுவும் என்னிடம் இல்லை. நாம்காரரிடமும் ‘நாம’ இல்லை. அவருக்கும் பயம்தான். அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பதற்குத்தான் இத்தனை பேச்சும். “நாளைக்குக் கண்டிப்பா போன் பண்ணிடறேன்மா” என்றார். மனதாரத்தான் சொன்னார்.

பகலில் சீஃபிடமிருந்து செய்தி வந்தது: ‘வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாம எல்லாரும் கூடறோம். பெரிய சேதி.’

பஸ் வந்துவிட்டது! நாம்காரர் போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குச் சீஃப் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அதைப் பார்த்தபோதே உஷாராகியிருக்கவேண்டும்.

“ரொம்ப சந்தோஷமான விஷயம். நாங்க கம்பெனியை வித்துட்டோம்.”

முதலில் கை தட்டியவர் நாம்காரர்தான். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் காதில் விழுந்தது சரியாக உள்ளே இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை பார்த்ததெல்லாம் நாம. அழுதது நாம. விற்றது நாங்க.

“வாங்கினவங்களுக்கு ஆப் மட்டும் போதுமாம். ஆளுங்க அவங்ககிட்டயே இருக்காங்களாம்” என்றார் சீஃப்.

“அப்ப பாக்கிச் சம்பளம் சீஃப்?”

“அதை நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்.”

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, நாம் தேய்ந்து நாங்கள் ஆகி, நாங்கள் தேய்ந்து நீங்கள் ஆகிவிட்டது. இதற்குமேல் தேய்வதற்கு இலக்கணத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

இத்தோடு நாம்காரருக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? பாருங்கள். கனத்த மனத்தோடு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால். போன் கையில். பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது.

“அடுத்ததா ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். இதைவிடப் பெருசு. உங்களை மாதிரி ஆள் இல்லாம முடியாது. நாம சேர்ந்து பண்ணுவோம்.”

உங்களுக்கே ஓடிப் போய் அந்தப் போனைப் பிடுங்கி எண்ணை அழுத்தவேண்டும் போல இருக்கிறது அல்லவா? எனக்கும்தான். ஆனால் அந்த ‘நாம’ காதில் விழுந்ததும் அவர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

“என்ன சீஃப் ஐடியா?”

“குடை. திடீர்னு மழை வந்தா ஜனங்க என்ன பண்ணுவாங்க? வாடகைக்குக் குடை!”

நல்ல ஐடியாதான் என்று பட்டது அவருக்கு. சத்தியமாகப் பட்டது. எந்தெந்தத் தெருவில் குடையை அடுக்கி வைக்கலாம் என்றுகூட மனம் போய்விட்டது. மணி நாலு ஐம்பது. அப்போது சீஃப் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டார்.

“முதல் ஆறு மாசம் மட்டும் சம்பளம் எதிர்பாக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

ஆறு மாசம். அந்த எண் மட்டும் அவர் காதில் மனைவியின் குரலில் கேட்டது. சீஃபின் கையை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்தார். “உங்களுக்கு நல்லா வரும் சீஃப்” என்று சொல்லிவிட்டு, நான்கு படி இறங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு போன் போட்டார். மணி நாலு ஐம்பத்தாறு.

“நான் வரேங்க.”

“அடுத்தவங்க நம்பரைக் கையில எடுத்துட்டேன் சார்” என்றாள் மூடி கம்பெனிப் பெண். “சரி, திங்கட்கிழமை வந்துடுங்க.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மாதக் கடைசி வந்தது. சாயங்காலம் சம்பளமும் வந்தது, மச்சான் சொன்னபடி. அன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்கள். நடுவில் மகள் தண்ணீர் பாட்டிலைத் திறக்க, நாம்காரர் அந்த மூடியை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

“இது நம்ம மூடி இல்ல. நாம இன்னும் நல்லா பண்றோம்.”

மனைவி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, சம்பளம் வருகிற ‘நாம’தானே என்று மூடிக்கொண்டார்.

இப்படியும் ஒரு மனுஷனா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன வாரம் டிவியில் மேட்ச் முடிந்ததும் நாற்காலியிலிருந்து எம்பிக் குதித்து, “நாம ஜெயிச்சுட்டோம்!” என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினீர்களே, நீங்கள் எந்த இடத்தில் நின்று விளையாடினீர்கள்? பரிசுப் பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு? மைதானத்தில் வியர்த்து விளையாடிய அந்தப் பதினோரு பேரும் வீட்டுக்குப் போனதும், ‘நாங்க ஜெயிச்சுட்டோம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள்.