மூன்று கீறல் கல்லை மீட்பது சம்பந்தமாக

காஹாங், ஜொகூர்
8-3-1934, வியாழன்

அன்பு மகன் விசுவலிங்கத்துக்கு, அப்பா கந்தப்பு ஆசியுடன் எழுதிக்கொள்வது. சிவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. லண்டன் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறோம்.

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு பெட்டிகளின் விலாசம் மாறிப்போன கதையைப் படித்துத் தலையில் கை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு நீ வாங்கிய கம்பளிச் சால்வை உன் பேராசிரியருக்குப் போய்விட்டது. அவருக்காக நோர்வேயில் நீ பொறுக்கிய கல்லும் களிமண்ணும் இந்த ரப்பர் தோட்டத்துக்கு வந்துவிட்டன. ஒரு காலத்தில் நாட்டையே மூடிக் கிடந்த பனிப்பாளம் பின்வாங்கியபோது விட்டுப்போன கல் அது, அதன் கீறல்கள்தான் பனி போன திசைக்குச் சாட்சி, ஜூன் பரீட்சைக்குள் அது வந்து சேராவிட்டால் உனக்குப் பட்டம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். கலங்காதே. இருபத்தாறு வருஷம் தோட்டத்துக் கணக்கெழுதிக் கிராணி வேலை பார்த்தவன் நான்; காணாமல் போன ஒரு ரப்பர் ஷீட்டைக்கூடத் தேடிப் பிடிக்காமல் விட்டதில்லை. கல்லைக் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்வேன்.

களிமண்ணை மட்டும் மறந்துவிடு. ஒரு வெளிர் வரியும் ஒரு கறுப்பு வரியும் சேர்ந்தால் ஒரு வருஷம் என்று உன் கடிதத்தில் நான் படிப்பதற்கு வெகு நாள் முன்பே, சமையல்காரி கருப்பாயி களிமண் டின்னைத் திறந்து, "இம்புட்டு வழவழன்னு மண்ண நான் பாத்ததே இல்லீங்க" என்று அடுப்புக்குப் பூசிவிட்டாள். உன் முந்நூறு வருஷத்தின் மேல் இப்போது தினமும் சோறு கொதிக்கிறது. உன்னிடம் இன்னொரு டின் இருப்பது நல்லதாய்ப் போயிற்று.

இனிக் கல்லின் விவரம். அதில் குறுக்கே மூன்று கீறல், நடுவே நீ வெள்ளைச் சாயத்தில் போட்ட அம்புக்குறி. பெட்டியைத் திறந்த உன் அம்மா, "இஞ்ச பாருங்கோ, திருநீறும் வேலுமாய்ப் பிள்ளை எனக்கு முருகனை அனுப்பியிருக்கிறான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் அப்போது கும்பிட்டேன், மறைப்பானேன். பிறகு கங்காணி வீரமுத்து வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். லயத்துக் கூலிச் சனங்களுக்குக் கோயில் இல்லையே என்று அம்மா மனமிரங்கினாள். தைப்பூசத்தன்று மேளதாளத்தோடு கல்லைக் கொண்டுபோய் ஆற்றோரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு வைத்துவிட்டார்கள். அன்று முதல் தோட்டத்தில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. கொசுவுக்குக் குட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றியதால்தான் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை வீரமுத்துவைக் கூப்பிட்டு, "இது சாமி இல்லையப்பா, பனிக்கட்டி தேய்த்துக்கொண்டு போனதில் விழுந்த கீறல்" என்று விளக்கினேன்.

"எத்தன வருசத்துக்கு முந்திங்க?"

"பத்தாயிரம்."

"பத்தாயிரம் வருசமா பட்டை அழியலன்னா, அப்ப அது யாருங்க ஐயா?"

இதற்கு என்ன பதில் என்று பேராசிரியரிடம் கேட்டு எழுது.

நேற்று வேறு வழி பார்த்தேன். ஆற்றில் அதே அளவில் ஒரு கல் எடுத்து, அரத்தால் மூன்று கோடு இழுத்து, கோணிக்குள் வைத்துக்கொண்டு மாற்றிவிடலாம் என்று போனால், அங்கே கருப்பாயி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கோணியை எட்டிப் பார்த்தவள், "வள்ளியம்மாவக் கூட்டியாந்துட்டீங்களா!" என்று குலவை போட்டாள். ஊரே கூடிவிட்டது. இப்போது இரண்டு கல்லுக்கும் பூசை நடக்கிறது. தெய்வானை எப்போது வருவாள் என்று என்னிடம் விசாரிக்கிறார்கள்.

ஆனாலும் விடமாட்டேன். நாளை விடிந்ததும், பூசைக்கு ஆள் வருமுன், கடப்பாரையோடு போகிறேன். பெட்டியும் மரத்தூளும் தயார். குளுவாங் ஸ்டேஷனுக்கு லாரியும் சொல்லியாயிற்று. பத்தாயிரம் வருஷத்துக்கு முன் அந்தப் பனி பின்வாங்கியிருக்கலாம், நான் பின்வாங்க மாட்டேன். அம்மாவுக்கு இது தெரியாது, நீயும் எழுதிவிடாதே.

பேராசிரியருக்கு என் வணக்கம் சொல். சால்வையை அவர் இன்னும் போர்த்திக்கொள்ளவில்லையென்றால் திருப்பி வாங்கிக்கொள். நோய் நொடி அண்டாமல், எடுத்த காரியம் முடித்து, நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வே. கந்தப்பு, பெரிய கிராணி

பின்குறிப்பு: வெள்ளி காலை. கடப்பாரையோடு போனேன். எனக்கு முன்பே அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். அந்த முழங்காலோடு அரை மைல் நடந்து வந்திருக்கிறாள். தைப்பூசத்திலிருந்து ஒரு வெள்ளியும் தவறவில்லையாம், எனக்கே தெரியாது. "பிள்ளை வந்து சேருமட்டும் வாறன் எண்டு நேர்ந்திருக்கிறன். அவன் போய் நாலு வருஷமாச்சு. இதையும் எடுத்துக்கொண்டு போனால் நான் ஆரிட்டைக் கேக்கிறது?" என்றாள். கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது, விசுவம். இதுவரை எழுதினதில்லை.

கீறல்களின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு அபிஷேகத்தில் வந்தது என்று பேராசிரியரிடம் சொல்லிவிடு. பனி கல்லை விட்டுவிட்டுப் போனது என்று எழுதியிருந்தாய். நானும் விட்டுவிட்டு வந்துவிட்டேன். கல் வராது. பரீட்சை எப்படிப் போனாலும் நீ வா.