வில்லன் சொன்ன மூன்று ஓம்

கலியாண மாலையைக் கழற்ற முதலே பாலேந்திரா ஒரு சபதம் எடுத்துவிட்டார். பெண்சாதி எதைக் கேட்டாலும் வாயால் ‘ஓம்’ என்று சம்மதம் சொல்வதில்லை. அவருடைய தமையன் ஒரேயொரு ஓம் சொல்லப்போய்த்தான் இன்றைக்கும் மாமியார் வீட்டில் வெங்காயம் உரிக்கிறாராம். ஆகையால் செல்வமலர் என்ன கேட்டாலும் ஒரே பதில்: “பாப்பம்.”

லண்டனில் நோர்பரிக்கு வந்தார்கள், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள், ‘பாப்பம்’ மட்டும் மாறவில்லை. மழைக்குள் தள்ளுவண்டியோடு பஸ்ஸுக்கு நின்று நின்று செல்வமலருக்கு அலுத்துவிட்டது. சனிக்கிழமைகளில் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் தான் கார் ஓட்டப் பழகலாம் என்று கேட்டாள். பாப்பம் என்றார். அடுத்த கிழமையே, இனிச் சனிக்கிழமைகளில் எயார்போட்டில் ஓவர்டைம் என்றார்.

ஓவர்டைம் நடந்தது கனகலிங்கத்தின் வீடியோக் கடைப் பின்னறையில். கனகலிங்கம் எங்கேயோ மலிவாக ஒரு குங்ஃபூப் படம் வாங்கியிருந்தார். அடி விழ முதலே சத்தம் வரும். ரத்தம் தக்காளி சோஸ் நிறத்தில் வரும். அதைத் தமிழ் பேசவைத்து வாடகைக்கு விட்டால் லண்டன் தமிழ்ச் சனம் முழுக்கக் கடை வாசலில் நிற்கும் என்பது அவர் திட்டம். வில்லனுக்குக் குரல் பாலேந்திரா. வீட்டில் அடங்கிக் கிடந்த சத்தமெல்லாம் மைக்கில் வந்து விழுந்தது. “என்னை அடக்க இந்த உலகத்தில் எவருமில்லை” என்று அவர் உறுமியபோது பக்கத்து இறைச்சிக் கடைக்காரன் கத்தியோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

கடைசிக் காட்சியில்தான் சிக்கல். வில்லன் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, மூன்று தரம் வாயைத் திறக்கிறான். என்ன சொல்கிறான்?

“சீனம் ஆருக்கு விளங்குது?” என்றார் கனகலிங்கம். “திருந்தித் தியானத்திலை இருக்கிறான் போலை. ஓம் எண்டு மந்திரம் சொல்லும்.”

பாலேந்திராவுக்குச் சபதம் ஞாபகம் வந்ததுதான். மந்திரத்துக்கும் மனிசிக்கும் என்ன சம்பந்தம்? வயிற்றுக்குள்ளிருந்து மூன்று ஓம் எடுத்துவிட்டார்.

வாடகைக்கு விட முதல் ஒரு மண்டபத்தில் படம் போட்ட அன்று செல்வமலரையும் பிள்ளைகளையும் முதல் வரிசையில் இருத்தினார். கைதட்டலைக் கேட்டால் ஓவர்டைம் பொய்யை மன்னித்துவிடுவாள்; வீட்டிலும் கொஞ்சம் பயம் வரும். வில்லன் உறுமினான். சனம் கைதட்டியது. பாலேந்திரா ஓரக்கண்ணால் பார்த்தார். செல்வமலர் சின்னவனுக்குப் பிஸ்கற் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சண்டை. ஒரு நரைத்தலைச் சந்நியாசினி வில்லனை அடித்து முழங்காலில் விழுத்தினாள். பிறகு வாயைத் திறந்தாள். பாலேந்திரா திடுக்கிட்டுச் செல்வமலர் பக்கம் திரும்பினார். காலையில் “தேத்தண்ணி ஆறுது” என்று கூப்பிட்ட அதே குரல்.

“ஓவர்டைம் எண்டு பொய் சொல்லுறதை இனி விடுவியோ?”

“ஓம்ம்ம்.”

“சனிக்கிழமையளிலை பிள்ளையளைப் பாப்பியோ?”

“ஓம்ம்ம்.”

“மனிசி கார் பழகச் சம்மதமோ?”

மூன்றாவது ஓம்தான் எல்லாவற்றிலும் நீளம். அதை அவர் நல்ல பக்தியோடு இழுத்திருந்தார்.

மண்டபம் குலுங்கியது. பாலேந்திராவுக்கு இன்னொன்றும் உறைத்தது. கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவள் அவரை ‘நீ’ என்றது இதுதான் முதல்தரம்.

பின்வரிசையில் இருந்த கனகலிங்கம் குனிந்து காதுக்குள் சொன்னார். சந்நியாசினிக்குப் பெண்குரல் தேடித் திரிந்தபோது, கசெற் திருப்பிக் கொடுக்க வந்த செல்வமலர் தான் பேசுகிறேன் என்றாளாம். பேச வந்த இடத்தில், ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த வில்லனின் குரலைக் கேட்டாளாம். “‘மூண்டு ஓம் கிடக்கு, அதுக்கு முன்னாலை மூண்டு கேள்வி வேணுமெல்லோ அண்ணை’ எண்டு உம்மடை மனிசி சொன்னவ. எனக்கும் ஞாயமாய்த்தான் பட்டுது.”

சனிக்கிழமை விடிந்தது. செல்வமலர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, சின்னவனைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.

“அது மந்திரமப்பா,” என்றார் பாலேந்திரா. “உமக்கு நான் ஒருநாளும் ஓம் எண்டு சொன்னதில்லை.”

“அது கிடக்கட்டும்,” என்றாள் அவள். “ஹவுன்ஸ்லோ வரைக்கும் கசெற் போயிட்டுதாம். அந்த வில்லன்ரை குரல் ஆரின்ரை, சிங்கம் மாதிரிக் கிடக்கு எண்டு சனம் கேக்குதாம். உங்கடைதானே?”

பாலேந்திராவின் நெஞ்சு நிமிர்ந்தது.

“ஓம்,” என்றார்.

இந்தமுறை டப்பிங் இல்லை.