அன்னூருக்குப் போன குழம்பு

பொண்டாட்டியை ஒரு தடவையாவது ஜெயித்துவிடுவதென்று நான் சபதம் எடுத்தது ஒரு சனிக்கிழமை. ஆர்.எஸ்.புரத்தில் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்துகிறேன். பேர் ரவிக்குமார்.

விஷயம் இதுதான். என் மனைவி அன்புச்செல்விக்கு அன்னூரில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. அங்கேயே அவள் அப்பா வீட்டுக்குக் குடிபோய்விடலாம் என்றாள். நானா? ஆர்.எஸ்.புரம் விலாசத்தை விட்டுவிட்டு, மாமனார் வீட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கத்தில் கிராமர் எடுப்பதா? முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. அதுதான் அவளிடம் உள்ள கெட்ட பழக்கம்.

மறுநாள் மத்தியானம் மாமனாருக்கு மட்டன் குழம்பு கொண்டுபோக வேண்டியவன் நான். எங்கள் பக்கத்தில் கறிக்குழம்பை வெளியே எடுத்துப்போனால் தூக்குப்போசிக்குள், அதாவது தூக்குவாளிக்குள், ஒரு துண்டு அடுப்புக்கரி போடுவார்கள். போடாவிட்டால் வாசனைக்கு ஏதாவது கூடவே வந்துவிடுமாம். உச்சிவேளை என்றால் கேட்கவே வேண்டாம். பேயாவது பிசாசாவது என்று சிரித்தேன்.

"அப்டீங்களா? கரி போடாம உச்சிவேளையில கொண்டாங்க பாக்கலாம். பயப்படாம வந்துட்டீங்கன்னா இந்த ஊரை உட்டு நான் நகரமாட்டேன். பயந்துபோட்டீங்கன்னா அன்னூருதான்" என்றாள்.

"சரி அம்மணி. எழுதி வெச்சுக்கோ" என்றேன்.

ஞாயிறு விடிந்ததும் குழம்பைத் தூக்குப்போசியில் ஊற்றி, இறுக்கி மூடி வைத்துவிட்டு அவள் முதல் பஸ்ஸில் அப்பா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். நான் வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் 'ஈட் யுவர் வேர்ட்ஸ்'. ஒருத்தர் ஜம்பமாக ஒன்றைச் சொல்லி, அது தப்பென்று நிரூபணமானால், சொன்ன சொல்லை அவரே மென்று முழுங்கவேண்டும் என்று அர்த்தம். இதை எந்த இடத்தில் சொல்வது என்று கனிஷ்கா என்கிற மாணவி கேட்டாள். நாளைக்கு என் வீட்டிலிருந்தே உதாரணம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு, தூக்குப்போசியை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோவில்பாளையம் தாண்டும்வரை பாட்டுப் பாடிக்கொண்டுதான் போனேன். மெயின் ரோட்டை விட்டு மாமனார் தோட்டத்துக்குப் போகிற இட்டேரியில் திரும்பினேன். ரெண்டு பக்கமும் ஆள் உயர முள்வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற தடம். ஒரு காக்கா இல்லை. காற்று நின்றுபோயிருந்தது. என் நிழல்கூட சக்கரத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

அப்போது வண்டியின் பின்பக்கம் மெதுவாக அமுங்கியது.

அன்புச்செல்வி ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி. கண்ணாடியில் பார்த்தேன். என் காது மட்டும்தான் தெரிந்தது. இறங்கி டயரை அமுக்கிப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. மறுபடி கிளப்பினேன். வண்டி நகர மாட்டேன் என்று முக்கியது. என் பிடரிக்குப் பக்கத்தில் யாரோ மூச்சை நீளமாக இழுத்தார்கள், குழம்பு வாசனை பிடிக்கிற மாதிரி.

"ஹூ ஈஸ் தேர்?" என்றேன்.

"ஏனுங்க, யாருங்க?" என்றேன். இடது தோளில் சில்லென்று ஏதோ வந்து படிந்தது.

அதற்குமேல் எனக்கு எந்த மொழியும் வரவில்லை. வேலியோரம் யாரோ முள்ளு எரித்த இடம் கண்ணில் பட்டது. பாய்ந்துபோய் ஒரு கரித்துண்டைப் பொறுக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தூக்குப்போசி மூடியைத் திறந்து உள்ளே போட்டேன். கிறீச்சென்று வண்டி மேலே எழும்பியது. யாரோ இறங்கிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டத்து வாசலில் முகத்தைத் துடைத்து, சட்டையை நீவி, சீட்டியடித்துக்கொண்டே போய் இறங்கினேன். பயமாக இருந்ததா என்று அன்புச்செல்வி கேட்டாள். பயமா, எனக்கா என்றேன். தோற்றுப்போனேனுங்க என்று தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கே பாவமாகிவிட்டது. யாரும் பார்க்காதபோது கரியை எடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், அதற்குள் தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு சாப்பிட உட்காரச் சொல்லிவிட்டாள்.

பக்கத்து இலையில் மாமனார் நஞ்சப்பன். அவருக்கு 'ஈட் யுவர் வேர்ட்ஸ்' விளக்கத் தொடங்கினேன். அவள் அடியோடு கிளறி எனக்குத்தான் முதலில் ஊற்றினாள். பேச்சு சுவாரஸ்யத்தில் பிசைந்து வாயில் போட்டேன். கடக்.

துப்பினால் தெரிந்துவிடும். மென்றேன். மென்றுகொண்டே சிரித்தும் வைத்தேன். மாமனார் என் பல்லையே பார்த்தார்.

"கரியாட்டம் இருக்குதுங்களே மாப்ளே" என்றார்.

இனி மறைக்க முடியாது. பழியை அவள் மேல் போட்டேன். பந்தயத்தில் ஜெயிக்க நீயே கரியைப் போட்டு அனுப்பிவிட்டு, இப்போது என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயா என்று எகிறினேன்.

"நான் எதுக்குங்க போடப்போறேன்? மட்டனாயிருந்தாத்தானுங்க கரி. அப்பாவுக்கு டாக்டர் மட்டன் வேண்டான்னுட்டாரு. இது மீல்மேக்கர்."

இலையைப் பார்த்தேன். மீல்மேக்கர்தான். தோளில் மறுபடி அதே சில்லிப்பு ஏறியது.

"மீல்மேக்கரா? அப்புறம் எதுக்கு அம்மணி அது என் வண்டில ஏறி உக்காந்துச்சு?"

மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அன்புச்செல்வி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"வாயைக் கொப்புளிச்சுக்கங்க. நம்ம ஊட்டுச் சாமானை இங்க கொண்டார டெம்போவுக்குக் காத்தாலயே சொல்லிப்போட்டேனுங்க."