குகைக்கு முந்தி வந்த ஆள்

“தலையைக் குனிங்க!”

ஸில்மியா சொல்லி முடிப்பதற்குள் ஸாஹிர் குனிந்துவிட்டான். பாறை ஒன்று அவனுடைய தலைமயிரை உரசிக்கொண்டு பின்னால் போனது. தப்பினோம் என்று மூச்சு விட்டான். சில எட்டு நடந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. டோர்ச் அவன் கையில் இருந்தது. வெளிச்சம் தரையில் இருந்தது. மேலே பாறை தொங்குவது இவளுக்கு எப்படித் தெரிந்தது?

“நீ இங்க முந்தி வந்திருக்கியா?”

“இல்லையே! ஏன் கேக்குறீங்க?”

பதில் சற்று வேகமாக வந்துவிட்டது போல் ஸாஹிருக்குப் பட்டது.

இருவருக்கும் கலியாணமாகி நான்கு மாதம். ஸாஹிருக்குப் பதுளையில் மின்சாமான் கடை. பல்பு, டோர்ச், எமர்ஜென்சி லைட் என்று ஊருக்கெல்லாம் வெளிச்சம் விற்கும் அவனுக்கு, இருட்டைக் கண்டால் சிறுவயது முதலே நடுக்கம். மனைவிக்கு இது தெரியக் கூடாது என்பதற்காகப் படுக்கையறையில் விடிய விடிய ஒரு சின்னப் பல்பை எரிய விட்டிருந்தான். “புதுக் கம்பனி. எத்தனை மாசம் ஓடுதுன்னு பாக்கணும்” என்று அவளுக்குக் காரணமும் சொல்லியிருந்தான்.

வினை பண்டாரவளையிலிருந்து வந்தது. ஸில்மியாவின் அண்ணன்மார் இன்ஸாப், முன்ஸிப் இருவருக்கும் ஊவாவில் ஒரு பொந்து விடாமல் நுழைந்து, படம் பிடித்து, குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்ட கையோடு, “மச்சான் எப்ப வாறீங்க?” என்று கேள்வி வேறு. ஒருமுறை ஸாஹிருக்குக் கடையில் சரக்கு வந்தது. இன்னொரு முறை வயிறு சரியில்லை. இப்போது அடுத்த மாதம் குடும்பத்தோடு பசறைப் பக்கத்துக் குகை ஒன்றுக்கு என்று நாளே குறித்துவிட்டார்கள்.

“அவங்களோட போக முந்தி நாம ரெண்டு பேரும் ஒருக்கா போய்ட்டு வருவமே” என்று ஸில்மியாதான் ஆரம்பித்தாள். ஸாஹிரின் உம்மா ஸுபைராவும் சோற்றுப் பார்சலைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டார். மறுக்க முடியவில்லை.

ஆகவேதான் இந்தக் குகை. முன்னால் வழிகாட்டி தினேஸ். கீழேயுள்ள தேயிலைத் தோட்டத்து ஆள். முப்பது வயதிருக்கும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் நடப்பவன் போல விசிலடித்துக்கொண்டு போனான்.

“இந்த எடத்துல இடது பக்கம் தண்ணி” என்றாள் ஸில்மியா. ஸாஹிரின் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

இடது பக்கம் தண்ணீர் இருந்தது.

இல்லை, வந்திருக்கிறாள். நிச்சயமாக வந்திருக்கிறாள். யாரோடு? அண்ணன்மார் இந்தக் குகைக்கு இன்னும் வரவில்லை, வந்திருந்தால் படம் வந்திருக்கும். அப்படியென்றால் வேறொருவன். உயரமானவனாகத்தான் இருக்க வேண்டும். உயரமானவனோடு வந்தால்தானே ‘தலையைக் குனி’ என்பது இவ்வளவு ஞாபகம் இருக்கும்!

அடுத்த வளைவில் அந்த ஆளுக்கு முழங்கால் வரை சப்பாத்து முளைத்தது. அதற்கடுத்த வளைவில் மீசை. இருட்டில் பல் தெரியச் சிரித்தான். ஸாஹிர் வியர்த்தான். ஆனால் ஒன்று, பயத்தால் அல்ல. பயத்துக்கும் பொறாமைக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுக்க அவன் மனதில் அறை போதவில்லை.

தினேஸின் வாயைக் கிண்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தான்.

“தம்பி, இங்க ஆக்கள் நிறைய வாறாங்களா?”

“வருவாங்க நானா” என்று அண்ணன் முறை வைத்தான் தினேஸ். “போன கெழமகூட...”

ஸில்மியா இருமினாள். தினேஸ் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

“போன கெழமகூட?”

“போன கெழமகூட... மழ பேஞ்சிச்சி நானா.”

“நான் மழையைப் பத்தியா கேட்டேன்?”

தினேஸ் அவசரமாகச் சரித்திரத்துக்குள் ஓடி ஒளிந்தான். “அந்தக் காலத்துல ஒரு ராஜா, ராணிய இந்தக் குகைக்குள்ளதான் ஒளிச்சி வச்சாருன்னு சொல்லுவாங்க.”

“யார்கிட்ட இருந்து?”

“எதிரிங்ககிட்ட இருந்து.”

“ராணிக்கு வழி முந்தியே தெரிஞ்சிருக்குமே. அதை ராஜா விசாரிச்சாரா?”

“அல்லாவே, ராஜாமேல உங்களுக்கு என்ன கோபம்?” என்று ஸில்மியா சிரித்தாள்.

“எனக்கென்ன கோபம்? பாவம் மனுசன்.”

தினேஸின் வாயை அடைத்தது இவள் இருமல். ஆகவே இருவரும் ஒரே கட்சி. இனி இவர்களை ஒருவருக்கொருவர் கண்ணில் படாமல் வைப்பதே நல்லது. “நான் முன்னால போறேன். தம்பி, நீங்க ஆகப் பின்னால வாங்க” என்று ஸாஹிர் தலைமை ஏற்றான். மூன்றாம் எட்டில் வழுக்கி, முழங்கால் வரை சேற்றில் இறங்கினான். காலை இழுத்தபோது கால் மட்டும் வந்தது. செருப்பு வரவில்லை.

“இந்த எடம் வழுக்கும்னு சொன்னேனே!” என்றாள் ஸில்மியா.

“எப்ப சொன்ன?”

“சொல்ல இருந்தேன்.”

“எப்பிடித் தெரியும் உனக்கு?”

“பாத்தா தெரியுதுதானே.”

கும்மிருட்டு. ஸாஹிர் சேற்றுக் காலோடு நடந்தான். வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. தினேஸ் வாயைத் திறந்தான்.

“நீங்க பேச வேணாம். அவ சொல்லட்டும். ஸில்மியா, எந்தப் பக்கம்?”

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“சும்மா ஒரு பக்கத்தைச் சொல்லு.”

அவள் உதட்டைக் கடித்தாள். “வலது?”

“சரியாச் சொல்லிட்டாங்க!” என்று தினேஸ் மகிழ்ந்துபோய்க் கைதட்டினான். தட்டிய பிறகுதான் ஸாஹிரின் முகத்தைப் பார்த்தான்.

“சரி. அப்ப நான் இடது பக்கம் போறேன்.”

“நானா, அந்தப் பக்கம் வவ்வா...”

வௌவால் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வௌவால்கள் வந்துவிட்டன. ஒரு குடும்பம் அல்ல, ஒரு கலியாண வீடே புறப்பட்டு வந்தது. ஸாஹிர் இரு கைகளாலும் தலையை மூடிக்கொண்டான். டோர்ச் பாறையில் விழுந்து நொறுங்கியது. இரண்டு வருட உத்தரவாதம் என்று அவனே எத்தனையோ பேருக்குச் சத்தியம் செய்து விற்ற டோர்ச்.

“பாத்தீங்களா? இதுக்குத்தான் வலது பக்கம்னு...” என்று ஸில்மியா ஓடிவந்தாள்.

“போதும்! ரெண்டு பேரும் ராஜாவையும் ராணியையும் பாத்துட்டு ஆறுதலா வாங்க. என்ட செருப்பும் கிடைச்சா கொண்டு வாங்க. நான் போறேன்.”

“நில்லுங்க, இருட்டு!”

“இருட்டு என்னத்தைச் செய்யும்?”

அவன் வாயால் அப்படியொரு வசனம் வந்ததை அவனே கவனிக்கவில்லை. சட்டைப் பையில் போன் இருந்தது. அதில் லைட்டும் இருந்தது. அதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு, ஒரு கால் செருப்போடு நடந்தான். வழி நெடுக அந்த மீசைக்கார உயரமானவனோடு சண்டை. ‘நீ எந்த ஊரு? என்ன தொழில்? எத்தனை நாளாப் பழக்கம்?’ அவன் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டே கூட வந்தான். ‘பண்டாரவளைக்குப் போய் அண்ணன்மாரையும் உக்கார வச்சிக் கேக்குறேன், பாரு.’ தண்ணீர் வந்தது, தாண்டினான். தொங்கும் பாறை வந்தது, குனிந்தான். வெயில் முகத்தில் அடித்தபோதுதான் வெளியே வந்துவிட்டது தெரிந்தது.

காலையில் பூட்டியிருந்த தேத்தண்ணிக் கடை இப்போது திறந்திருந்தது. கடைக்காரி வேலாயி கேத்தலை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“ஐயய்யோ! தனியாவா உள்ளேருந்து வாறீங்க மொதலாளி? டோர்ச் எங்க?”

“ஒடைஞ்சு போச்சு.”

“அந்த இருட்டுலயா தடவிக்கிட்டே நடந்து வந்தீங்க? இங்க வாற எளந்தாரிப் பயலுக்கும் அந்தத் தைரியம் இல்லீங்க.”

ஸாஹிரின் காதில் அது ஏறவில்லை. போனை எடுத்து, ஸில்மியாவின் படத்தைத் தேடி, வேலாயியிடம் நீட்டினான்.

“இந்தப் புள்ளயை முந்தி இங்க கண்டிருக்கீங்களா?”

வேலாயி கையைச் சீலையில் துடைத்து, போனை எட்டப் பிடித்துப் பார்த்தாள். “அட, இதா! போன கெழம வந்துச்சே. தங்கமான புள்ள.”

“தனியாவா?”

“தனியா எப்புடி? ரெண்டு பேராத்தான் வந்தாங்க. கையக் கோத்தவங்க, வெளிய வாற வரைக்கும் விடல.”

ஸாஹிர் வாங்கில் உட்கார்ந்தான். நான்கு மாத வாழ்க்கை கண்முன்னால் வந்து நின்றது. இருந்தாலும் தெரிந்துகொள்ளாமல் எழும்ப முடியாது.

“கூட வந்தவன் நல்ல உயரமா? மீசையா?”

வேலாயி கேத்தலையே கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

“மீசையா? கூட வந்தது அந்தப் புள்ளயோட மாமியாருங்க. மகனுக்கு இருட்டுன்னா சின்னதுலேருந்தே உசுரு போயிருமாம், மச்சினமாருக முன்னால அவுக மானம் போயிரக் கூடாதுன்னு, எங்கெங்க கையப் புடிக்கணும்னு மருமகளோட வந்து பாத்து வச்சிட்டுப் போனாங்க. அந்த மகன் இன்னைக்கித்தான் வாறாருன்னாங்க, பாவம், உள்ள எங்கயாச்சும் கண்டீங்களா மொதலாளி?”