பொறவு சாரும் என் கொட்டாவியும்

இங்கிலீஷ் தெரியாத ஒருவனின் கொட்டாவியைப் பார்த்து இங்கிலீஷுக்கு மார்க் போட்ட வாத்தியார் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் 'பொறவு' சார். கொட்டாவி என்னுடையது.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இங்கிலீஷ் துறைக்கு அட்டெண்டர். மணி அடிப்பது, சாக்பீஸ் எடுத்து வைப்பது, யாராவது ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்வது, இவைதான் என் வேலை.

இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொடுக்க சார் இலக்கணப் புத்தகத்தைத் தொட மாட்டார். வாரம் ஒரு பழைய வெள்ளைக்காரக் கதை கொடுப்பார். அதை வாசித்துவிட்டு, பிள்ளைகள் தங்கள் ஊரை வைத்து ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை முதலில் வராந்தா ஸ்டூலில் இருக்கும் என்னிடம் தமிழில் சொல்ல வேண்டும். நான் "பொறவு?" என்று, அதாவது பிறகு என்ன என்று கேட்டால் சார் தாளை வாங்கிக்கொள்வார். கொட்டாவி விட்டால் திரும்ப எழுத வேண்டும்.

"எனக்கு என்ன சார் தெரியும்?" என்றேன் முதல் நாள்.

"ஒண்ணும் தெரியாதுல்லா? அதுக்குத்தான் உன்னப் பிடிச்சேன். படிச்சவன் மரியாதைக்காவ கேட்டுக்கிட்டு இருப்பான். நீ வாயப் பொளந்துருவ."

என் முன்னால் எம்.ஏ. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஒருத்தன் கடுஞ்சாயா வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொடங்குவான். இன்னொருத்தன் கதையில் பேய் வந்தது, யானை வந்தது, கடைசியில் யானைக்குப் பேய் பிடித்தது. எனக்குக் கொட்டாவிதான் வந்தது. என் கொட்டாவியின் பெயர் எந்த அளவுக்குப் பரவியதென்றால், பிரின்சிபால் பேசும் கூட்டங்களில் என்னை முன் வரிசைப் பக்கமே விடமாட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் சாருக்குத் தெரியாது. தினமும் விடியுமுன் முந்நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன். பத்து மணிக்கு யார் வந்து எதைச் சொன்னாலும் என் வாய் தானாகத் திறக்கும். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

அப்போதுதான் தேங்காப்பட்டணத்திலிருந்து சகீனா என்று ஒரு பிள்ளை படிக்க வந்தது. ஒரே கதையை மூன்று தடவை மாற்றி எழுதிச் சொன்னது. மூன்று தடவையும் பாதியிலேயே நான் கொட்டாவி விட்டேன். மூன்றாம் தடவை அது நகரவில்லை.

"அண்ணா, வெள்ளிக்கிழமை கடைசி நாளு. இதுல போச்சுன்னா வீட்ல படிப்ப நிறுத்திருவாவ. எங்க வாப்பாவப் பத்தித்தான் எழுதியிருக்கேன். அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அன்றைக்குத்தான் சார் அறைக்குள் நானாகப் போனேன்.

"சார், அது கதைக் கொட்டாவி இல்ல. ரப்பர் கொட்டாவி."

விஷயத்தைக் கேட்டதும் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ மூணு வருசமா நான் மார்க்கெல்லாம் ரப்பர் மரத்துக்கா போட்டேன்?"

"நாளைக்கு வெட்டப் போவாம வாரேன் சார்."

"உன் பிழைப்பக் கெடுத்து எனக்குப் பாடம் நடத்தண்டாம். வெட்டு இல்லாத நாளு எது?"

"மழை பெஞ்சா வெட்டு கெடயாது."

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். மழை பெய்த காலையில் மட்டுமே கதை கேட்கப்படும்!

புதன் வெயில். வியாழன் அதைவிட வெயில். மொத்த வகுப்பும் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. குலசேகரத்துப் பையன் ஒருத்தன் தன் வீட்டு முற்றத்தில் தூறியதாக போனில் படம் எடுத்துக்கொண்டு வந்தான். "உங்க முற்றத்துல இவன் வெட்டலியே மக்கா," என்று சார் தள்ளிவிட்டார். சகீனா தாளை மடித்து மடித்துப் பிரித்தது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கொட்டித் தீர்த்தது. ஆறு மணி வரை தூங்கினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கல்லூரிக்கு முழுக்கண்ணோடு போனேன். ஈரக் குடையைச் சுருக்காமலே சகீனா தொடங்கியது. பன்னிரண்டு வருஷம் கழித்து கல்ஃபிலிருந்து வந்த வாப்பா, சொந்த வீட்டு வாசலில் நின்று, "உள்ள வரட்டா?" என்று கேட்டாராம்.

"பொறவு?" என்றேன். எனக்கே தெரியாமல் வந்துவிட்டது.

"உம்மா, விருந்தாளிக்கு எடுக்குற கப்புல சாயா குடுத்தா."

"பொறவு மக்ளே?"

"அவ்வளவுதான் அண்ணா. ஒரு பக்கம் முடிஞ்சிட்டு."

கதவுக்குப் பின்னாலிருந்து சாரின் கை மட்டும் தாளுக்காக நீண்டது.

சார் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. முட்டுவலியோடு தக்கலையில் தனியாக இருக்கிறார். பதினொரு மணி இடைவேளையில் எனக்குப் போன் வரும். "அங்க மழையா மக்கா?" ஆமாம் என்றால் தான் வாசித்த கதை ஒன்றைச் சொல்லுவார். இல்லை என்றால், "செரி, நீ செத்த நேரம் கண்ண மூடு," என்று வைத்துவிடுவார்.

இந்த வருஷம் மழையே இல்லை. நேற்றும் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. "அங்க மழையா மக்கா?"

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. முந்நூறு மரமும் என் இமை மேல் உட்கார்ந்திருந்தன.

"நல்ல மழை சார். சொல்லுங்க."

தக்கலையிலும் அதே வெயில்தான். சாரின் ஜன்னலில் அது தெரியாமல் இருக்காது. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையைத் தொடங்கினார். கொட்டாவி வந்தது. போனைத் தூரமாகப் பிடித்து அதை விட்டுவிட்டு, மறுபடி காதில் வைத்தேன்.

"பொறவு சார்?"