பொரித்துத் தின்ற மாப்பிள்ளைகள்

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் கையில் ஒருபோதும் தோட்டத்தைக் கொடுக்கக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எண்ணத் தொடங்கிவிடுவார். நான் இலையை எண்ணினேன், பூவை எண்ணினேன், பூவுக்கு வந்த தேனீயை எண்ணினேன். (தன் பெருமூச்சுகளையும் நான் எண்ணுவதாக என் மனைவி சரோஜா சொல்வாள். எண்ணியதுண்டு.)

கண்டிக்குப் பக்கத்தில், திகனயில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பூசணி போட்டேன். தேனீக்கள் வரட்டும் என்று வேலியோரம் செவ்வந்தி, துளசி, சூரியகாந்தி வைத்தேன். அவை குடிக்கத் தட்டில் தண்ணீர் ஊற்றி, மூழ்கிவிடுமோ என்ற கவலையில் கூழாங்கல்லும் போட்டேன். பூச்சிமருந்து என்ற பேச்சே இல்லை. ஆனால் வேலிக்கு அப்பால் நஸீரின் போஞ்சித் தோட்டம். பஸாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நஸீர், கடை திறக்குமுன் மருந்து டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். என் தேனீக்கள் வரும் நேரமும் அதுதான்.

கெஞ்சினேன். "அந்தியில அடிங்க நஸீர், தேனீ கூட்டுக்குப் போன பிறகு."

"சரி சேர், இந்த மாசம் காலையில அடிக்கல்ல. ஒங்கட பூசணி காய்ச்சா எப்பவுமே அந்தியிலதான். காய்க்காட்டி, பொறகு தேனீக் கதை ஒண்ணும் எனக்குச் செல்லக் கூடாது!"

அன்றோடு என் தூக்கம் போனது. கொடியை ஆராய்ந்தேன். பத்துப் பூவில் ஒன்றுக்குத்தான் அடியில் குட்டிக்காய் ஒட்டியிருந்தது. மற்றவை வெறும் நீளக் காம்பில் சும்மா சிரித்துக்கொண்டு நின்றன. வேலை செய்யாமல் கொடியின் சத்தை உறிஞ்சும் கூட்டம்! கழித்தல் கணக்குப் போட்டேன். தினமும் விடிந்ததும் அவற்றையும் அவற்றின் மொட்டுகளையும் ஒன்றுவிடாமல் பறித்துச் சரோஜாவிடம் கொடுத்தேன். அவள் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தாள். (அபார ருசி.)

குட்டிக்காய்கள் மஞ்சளித்து உதிர்ந்தன. மாதம் முடிய நான்கு நாள் இருக்கையில் நஸீர் பார்வையிட வந்தார். நான் வகுப்பில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று விளக்கினேன்.

"அவசரப்படக் கூடாது. தேனீ முதல்ல ஆண் பூவுக்குப் போகும். உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டும். அதோட பெண் பூவுக்குப் போகும். பெண் பூவுக்கு அடியில குட்டிக்காய் இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு..."

அப்போதுதான் என் கழித்தல் கணக்கு நினைவுக்கு வந்தது.

"ஆண் பூ எது சேர்? ஒண்ணு காட்டுங்களே."

கொடி முழுக்கத் தேடுவதுபோல் பாவனை செய்தேன். அந்த நேரம் பார்த்துச் சரோஜா தேநீரோடு தட்டை நீட்டினாள். "சூடா இருக்கு, சாப்பிடுங்க தம்பி. இவரே பறிச்ச பூ."

நஸீர் ஒன்றைக் கடித்தார். கடித்ததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"யா அல்லாஹ்! மாப்பிள்ளைமார் எல்லாரையும் பொரிச்சுத் திண்டுட்டா பொண்ணுகளுக்குக் கல்யாணம் பேசினீங்க?"

கதிரையில் சரிந்து கண்ணீர் வரச் சிரித்தார். நானோ மறுநாள் விரியவிருந்த இரண்டு பெண் மொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவைதான் கடைசி நம்பிக்கை.

மறுநாள் விடிந்ததும் வாசலில் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் அலறியது. நஸீர்! கையில் சாப்பாட்டுப் பெட்டி. உள்ளே, ஹுன்னஸ்கிரியவில் இருக்கும் அவர் நானாவின் (அண்ணனை அப்படித்தான் சொல்வார்) தோட்டத்து ஆண் பூக்கள்.

"பந்தயம் எண்டா நேர்மையா ஈக்கணும் சேர். எடுங்க மாப்பிள்ளைய!"

பூக்களைத் தேநீர்க் கிளாசில் நிறுத்திப் பெண் பூக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். இருவரும் குந்தியிருந்தோம். முதல் தேனீ கிளாசைச் சுற்றிவிட்டுச் சூரியகாந்திக்குப் போனது. நான் முனகினேன். இரண்டாவது உள்ளே நுழைந்து, மஞ்சள் பூசிக்கொண்டு வெளியே வந்தது. நஸீர் என் தோளை நெரித்தார்.

"போகுது, போகுது! மூச்சு விடாதீங்க சேர்! பொண்ணு வீட்டுக்கே போகுது!"

போனது! நான் துள்ளிய துள்ளலில் இடுப்பில் கட்டியிருந்த சாரம் வேலிக்கம்பியில் மாட்டி முழங்கால்வரை கிழிந்தது. சரோஜா ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு காயும் நின்றன. நான்காம் நாள் ஊறுகாய் போடும் தேசிக்காய் அளவு பருத்திருந்தன. நஸீர் இப்போது அந்தியில்தான் மருந்து அடிக்கிறார். போஞ்சி வரப்பில் செவ்வந்தியும் வைத்துவிட்டார்.

போன மாதம் கண்டியில் ஒரு கல்யாண மண்டபம். நெற்றியில் திருநீறோடு நானும், தொப்பியோடு நஸீரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஒருவர், "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார்.

"சம்பந்திமார்," என்றார் நஸீர். "மாப்பிள்ளை ஹுன்னஸ்கிரிய, பொண்ணு திகன. பேரப்புள்ளைங்க ரெண்டும் ஆளுக்கு ஏழு கிலோ."

"சின்னவன் ஏழு கிலோ நூறு கிராம்," என்று திருத்தினேன்.