கத்தரிக்கோலுக்குத் தப்பிய நான்கு விரல்கள்

சித்தியவானில் இருக்கும் மச்சான் உடையப்பனுக்கு, ஈப்போவிலிருந்து உன் அக்கா புருஷன் தனேஸ்வரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா மங்களமும் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு சுகம். நீயும் வீரம்மாவும் டப்பா இல்லாமலே சுகமாயிருக்கக் கடவுளைக் கேட்டுக்கொள்கிறேன். போன் போட்டால் இரண்டு பேரும் கத்துவோம். அதனால் இருபத்திரண்டு வருடம் கழித்துக் கடிதம். இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு தகவல், அவ்வளவுதான்.

என் மகள் கலாதேவி வரைந்த படத்தைப் பழைய டவுனில் ஒரு கேலரியில் மாட்டியிருக்கிறார்கள் என்று, போன வாரம் பாத்தேக் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அங்கே எல்லா ஓவியர்களும் ஏற்கெனவே இருக்கிற படத்தைத்தான் மறுபடி வரைந்திருக்கிறார்கள். ஒருத்தர் பிஸ்கட் டின் மூடியை, ஒருத்தர் காலண்டர் லட்சுமியை. ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து வரைந்ததற்கு நான் ரோத்தான் பிரம்படி வாங்கினேன், இங்கே கைதட்டுகிறார்கள். சரி என்று உள்ளே போனால், சுவர் உயரத்துக்கு என் கல்யாணப் போட்டோ! நான், உன் அக்கா, அப்புறம் மாப்பிள்ளைத் தோழனாக நீ நின்ற இடத்தில் ஆள் அளவுக்கு ஒரு வெள்ளை ஓட்டை.

இருபத்திரண்டு வருடம் முன்பு தோட்டத்துக் கால்பந்து ஆட்டத்தில் நீ நடுவராக நின்று, என் வாழ்நாளின் ஒரே கோலை ஆஃப்சைட், செல்லாது என்று விசில் ஊதினாய். அன்று சாயங்காலமே நான் கத்தரிக்கோலை எடுத்தேன். உன் அக்கா ஓட்டையோடு அதே போட்டோவை ஹாலில் மாட்டிவிட்டாள். நான் வெட்கத்தில் அதை நிமிர்ந்தே பார்த்ததில்லை. பிள்ளை பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது.

"ஏம்மா, இந்த எடம் பாக்கி இருக்கே, பெயிண்ட் முடிஞ்சிருச்சா?" என்று கலாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பெயிண்ட் இருக்குப்பா. நீங்க வெட்டுனததான் வரைஞ்சிருக்கேன்."

அதற்குள் ஒரு சீனத்து அம்மா வந்து, "அங்கிள், ஒங்க தோள்ல இருக்கே, அது யாரு கை லா?" என்று மலாயில் கேட்டார். அப்போதுதான் பார்த்தேன். நீ அன்று என் தோளைச் சுற்றிக் கை போட்டிருந்தாய். உன்னை வெட்டிவிட்டேன்; உன் நான்கு விரலை வெட்டினால் என் தோளும் போய்விடும் என்று விட்டிருக்கிறேன். கலா அதை நகத்தோடு, மோதிரத்தோடு வரைந்து வைத்திருக்கிறாள்.

"என் மச்சான் கை."

"ஆளு எங்க? செத்துட்டாரா?"

"ஐயோ, இல்ல லா! ஆஃப்சைட்."

பாவம், அந்த அம்மா அடுத்த படத்துக்குப் போய்விட்டார். சாயங்காலம் வரை இன்னும் பத்துப் பேர் கேட்டார்கள். பத்துப் பேருக்கும் ஆட்டத்தை ஓடிக் காட்டியதில் எனக்கே லேசாகச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்காக நீ ஊதியது சரி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னை வரச்சொல்லவும் இல்லை. உன் முட்டிக்கு அந்தக் கேலரி மாடிப்படி ஆகாது. வீரம்மாவுக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோல் அடித்த தனேஸ்வரன்

பி.கு.: அது ஆஃப்சைட்தான். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது, காலை பஸ்ஸில் ஏறு, நான் வந்து நிற்கிறேன். படி பதினாலுதான், பிடித்துக்கொள்கிறேன். அன்று வெட்டிய உன் துண்டு என் பர்ஸில் அடையாள அட்டைக்குப் பின்னாலேயே இருக்கிறது. உன் அக்காவுக்குக்கூடத் தெரியாது. அதைக் கொண்டு வருகிறேன். அதில் கை இல்லை, நீ கொண்டு வா.